நீ ஒளித்து வைத்த கோயில் பெட்டி

உப்புப் போத்தலுக்குள் அரிசி போட்டு வைப்பதை நான் நிறுத்திவிட்டேன். ஈரம் பிடித்து உப்பு கட்டியாகிக் கிடக்கிறது, கரண்டிக் காம்பால் குத்தித்தான் எடுக்கிறேன். இன்று காலை மருமகள் அதைப் பார்த்துவிட்டு, “மாமி, நாலு அரிசியைப் போட்டு விட்டால் சரிதானே?” என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்கோ கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. நான் போத்தலை மேசையில் வைத்த சத்தத்தில் அவள் அடுப்படியை விட்டே போய்விட்டாள். பாவம், நாலு அரிசியை வைத்து உன்னை என்ன பாடு படுத்தினார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ இருந்து இதை வாசித்தால், “எடியே, விடன்” என்றுதான் சொல்வாய். விட மாட்டேன். அதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

நான் பாரிஸில் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு சேலைக் கடையில் வேலைக்கு நின்றேன். நீ செவ்ரானில் உன் வீட்டில் வேலைக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் யாழ்ப்பாணம், நீ மன்னார். நான் சைவம், நீ வேதக்காரி, கத்தோலிக்கம். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து நீ வருவாய், வில்லியே லே பெல்லில் இருந்து நான் வருவேன், கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கிச் சந்திப்போம். ஒரு பிளேன்ரீ, ஒரு ரோல்ஸ், ஊர் வம்பு. மற்றப் பெண்கள் நகைக் கடைக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நிற்கிற நேரத்தில் நாங்கள் நடப்போம்.

அப்படி நடந்த ஒரு ஞாயிறு, ஸ்டாலின்கிராட் மெற்றோவுக்குப் பக்கத்துக் கால்வாய்க் கரையில், ஆட்கள் உட்காருகிற ஒரு வாங்கின் முன்னால் நீ திடீரென்று முழந்தாளிட்டாய். செபம் சொல்லப் போகிறாய் என்று நினைத்தேன். நீ வாங்கின் அடியில் கையை விட்டுத் தடவத் தொடங்கினாய்.

“என்னடி செய்யிறாய்? சனம் பாக்குது.”

“பொறன். இஞ்சை ஒரு பெட்டி இருக்கு. ஆரோ ஒளிச்சு வைச்சிருக்கினம்.”

குனிந்த நிலையிலேயே விளக்கம் சொன்னாய். ஜியோகேஷிங் என்று ஒரு விளையாட்டாம். உலகம் முழுக்க ஆட்கள் சின்னச் சின்னப் பெட்டிகளை ஒளித்து வைத்து, இடத்தின் குறியை இணையத்தில் போடுவார்களாம். மற்றவர்கள் தொலைபேசியைப் பார்த்துத் தேடிப் போய், உள்ளே இருக்கிற கடதாசிச் சுருளில் தங்கள் பெயரை எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டுமாம்.

“எடுத்தால் என்ன கிடைக்கும்?” என்று கேட்டேன்.

“ஒண்டும் கிடையாது.”

“அப்ப ஏனடி தேடுறாய்?”

“கண்டுபிடிக்கத்தான்.”

உனக்கு முழு விசர் என்று முடிவு கட்டினேன். கட்டிவிட்டு நானும் குனிந்து வாங்கின் மற்றப் பக்கத்தைத் தடவினேன். அந்த இடத்தில் போதைச் சாமான் விற்கிறவர்கள் திரிவார்கள் என்பது எங்கள் இருவருக்கும் மறந்து போயிற்று. பொலிஸ்காரர் இரண்டு பேர் வந்து பப்பியே, அதுதான் அடையாளக் கடதாசி, கேட்டார்கள். நீ பதறிப்போய், சிநேகிதியின் தோடு விழுந்துவிட்டது என்று பிரெஞ்சில் சொன்னாய். அதில் ஒருத்தன் என் காதைப் பார்த்தான், பிறகு மற்றக் காதையும் பார்த்தான். இரண்டிலும் தோடு மினுங்கிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் தொலைபேசியைக் காட்டி உண்மையைச் சொன்னாய். அவன் சிரித்துவிட்டு ரோர்ச்சை அடித்துக் குனிந்தான். பெட்டியைக் கண்டுபிடித்ததே அவன்தான். நின்ற நிலையில் ஒரு பொலிஸ்காரன் நம்பிய விசயத்தை எங்கள் ஆட்கள் நம்பவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

அதற்குப் பிறகு எத்தனை பெட்டி தேடினோம்! பாலத்துக் கம்பிக்குப் பின்னால், பூங்காவின் நீர்க்குழாய்க்கு அடியில், ஒருமுறை நாய் மூத்திரம் பெய்த மரத்தடியில். அது போதாதென்று உனக்கு உன்னுடைய பெட்டி ஒன்று வைக்க வேண்டும் என்று ஆசை வந்தது. இடத்தையும் நீயே பார்த்து வைத்திருந்தாய்: கார் து லெஸ்ட் ரயில் நிலையப் பக்கம், பெரிய தெருவை ஒட்டி நிற்கிற அந்தப் பழைய பங்குக் கோயில். வாசல் பலகையில் எழுதியிருந்ததை ஒவ்வொரு சொல்லாகத் தொலைபேசியில் தேடி வாசித்திருந்தாய். பாரிஸ் நகரம் இவ்வளவு தூரம் பெருகாத காலத்தில், ரோட்டோரத்தில் சந்நியாசிமாரின் மடமாக இருந்ததாம். மடம் போய், பிறகு பங்குக் கோயிலாகி, இடித்துக் கட்டி, நீட்டிக் கட்டி இப்படி நிற்கிறதாம்.

“அந்தச் சந்நியாசிமாரும் எங்கையோ இருந்து வந்த வந்தான் வரத்தான்கள்தான்,” என்றாய். “ரோட்டிலை போறவாறவைக்கு சாப்பாடும் படுக்கையும் குடுத்திருப்பினம். அந்த இடத்திலை நானும் ஒண்டு வைக்கப் போறன்.”

விற்றமின் குளிசை வந்த அலுமினியக் குழாயைக் கழுவிக் காயவைத்தாய். வெளியே கறுப்பு ரேப் சுற்றினாய். நீளமாக வெட்டிய கடதாசியைச் சுருட்டிச் சிவப்பு நூலால் கட்டினாய். அந்த நூல் எங்கள் கடையில் ரவிக்கைத் துணி கட்டுகிற நூல், நான்தான் தந்தேன். பாரிஸ் மழையில் கடதாசி நனைந்துவிடும் என்று, உப்புப் போத்தலுக்குப் போடுவதுபோல் நாலு அரிசியையும் உள்ளே போட்டாய். வேலிக் கம்பிகள் ஊன்றிய அடிக்கல்லில் ஒரு வெடிப்பு இருந்தது. அதற்குள் குழாய் அளவெடுத்தாற்போல் போய் இருந்தது. கோயிலின் கதையைப் பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதி இணையத்தில் போட்டாய். பிரெஞ்சைத் திருத்தித் தர ஆளைத் தேடி எத்தனை பேரைக் கெஞ்சினாய்!

பிறகு எவராவது வந்து கண்டுபிடித்தால் போதும், எனக்கு உடனே அழைப்பு வரும். “இண்டைக்கு ஒரு ஜேர்மன்காரன் வந்தவனாம். கோயில் வடிவாம் எண்டு எழுதியிருக்கிறான்.” ஏதோ அந்தக் கோயிலை நீயே கட்டிய மாதிரி ஒரு பெருமை. இந்த நகரத்தில் உன் பெயரில் ஒரு வீடு கிடையாது, கடை கிடையாது, உன்னைக் கலியாணம் கட்டினவனும் என்றைக்கோ விட்டுப் போய்விட்டான். உன்னுடையது என்று சொல்ல அந்த வெடிப்பு ஒன்றுதான் இருந்தது.

புஷ்பமக்கா அதைத்தான் நோண்டி எடுத்தாள். நேரில் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன், இங்கே அவள் இவள் என்றுதான் எழுதுவேன். லா சப்பலில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவள், யார் வீட்டுக் கலியாணம், யார் வீட்டுச் சாவு எல்லாம் அவளுடைய கல்லாவைத் தாண்டித்தான் மற்றவர்களிடம் போகும். அவளுடைய மகள் நிரோஜாவைப் பிள்ளையில் வளர்த்தது நீ. பால் பருக்கி, நடை பழக்கி, கையைப் பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப் போனவள் நீ. அந்தப் பிள்ளைக்கு சுவிஸ் மாப்பிள்ளை ஒப்பேறி, மண்டபமும் எடுத்தாயிற்று. கலியாணம் திடீரென்று நின்றது. ஏன் என்று ஊரெல்லாம் ஒரே கேள்வி.

அந்தக் கிழமைதான் நானும் நீயும் கத்தரிக்காய் வாங்க அவளுடைய கடைக்குள் போனோம். கல்லாவுக்கு முன்னால் பெண்கள் கூட்டம். நடுவில் ஒரு எவர்சில்வர் தட்டு. தட்டில் உன் குழாய், அவிழ்த்த சிவப்பு நூல், நாலு அரிசி, விரித்துப் போட்ட கடதாசி.

“வாங்கோ, வாங்கோ,” என்றாள் புஷ்பமக்கா. “வைச்ச ஆளே வந்திட்டா. கோயில் சுவருக்கை நீ கையை விட்டுக்கொண்டு நிண்டதை நான் என்ரை கண்ணாலை கண்டனான். பேர் எழுதிச் சுருட்டி, சிவப்பு நூல் கட்டி, அரிசி போட்டு... இது என்னடி?”

“அக்கா, இது விளையாட்டு,” என்றாய் நீ.

“விளையாட்டோ? ஆற்றை பிள்ளையின்ரை வாழ்க்கையோடை?”

செய்வினை என்ற சொல்லை அவள் சொல்லவே இல்லை. அவ்வளவு கெட்டிக்காரி. பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்த ஒருத்தி கடதாசியைத் தூக்கிப் பிடித்து, பெட்டி தேடுகிற யாரோ வைத்துக்கொண்ட புனைபெயரை உரக்க வாசித்தாள். “கறுப்புப் பூனை எண்டு எழுதிக் கிடக்கு!” அவ்வளவுதான், ஐயோ கடவுளே என்று எல்லோரும் பின்னுக்குப் போனார்கள். வேதக்காரர் செய்தால் எடுக்கவே ஏலாதாம் என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. எனக்கு இரத்தம் கொதித்தது. தட்டைத் தூக்கி அவளுடைய முகத்திலேயே அடித்திருப்பேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். நகம் பதியப் பிடித்தாய்.

“விடு. வா போவம்,” என்றாய்.

எவ்வளவு கெதியாக எல்லாம் போயிற்று! ஒருத்தி மாமியார் வருகிறா என்றாள், ஒருத்தி பிள்ளைக்குக் கிரெஷ் காப்பகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்றாள், ஒருத்தி சாட்டுக்கூடச் சொல்லவில்லை. மாதம் முடிய முன்னமே உன் வீட்டில் ஒரு பிள்ளையும் இல்லை. விளையாட்டுச் சாமான்களை நீ கூடையில் போட்டு மூடி வைத்தாய். பூசையில் உன் வாங்கில் உனக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாகக் கிடந்ததாம். நீ அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாய். “காலை நீட்டி இருக்கலாமெடி.” நான் ஒவ்வொருத்தியின் வீட்டுக்கும் போய்ச் சண்டை பிடிக்கிறேன் என்றேன். வேண்டாம் என்று சத்தியம் வாங்கினாய். பெட்டி தேடுவதையும் அதோடு விட்டுவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் உன் வீட்டுக்குள்ளேயே ரீயைக் குடித்துக்கொண்டு இருந்தோம்.

உனக்கு வந்த புற்றுநோயைப் புஷ்பமக்கா கொண்டுவரவில்லை. நான் என்ன, அறிவு கெட்டவளா? ஆனால் ஆஸ்பத்திரியில் நீ கதவைப் பார்த்துப் பார்த்துக் கிடந்தாயே, நீ வளர்த்த பிள்ளைகள் ஒன்றாவது வராதா என்று, அது அவள் செய்த வேலை. பிள்ளைகள் வரத்தான் ஆசைப்பட்டிருக்கும். தாய்மார் விடவில்லை. கடைசியில் நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

“அந்தக் கோயில் பெட்டியைத் திருப்பி வைச்சுவிடடி. தேடி வாற ஆக்கள் ஏமாந்து போகப்படாது.”

நீ போன மறுநாள் புஷ்பமக்காவின் கடைக் கண்ணாடியில் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தது. உன்னுடைய படம் முத்திரை அளவு. அவளுடைய கடைப் பெயர் உன் பெயரைவிடப் பெரிய எழுத்தில். எங்கள் குடும்பத்தில் ஒருவராய் வாழ்ந்த அன்புச் சகோதரியாம்! சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாள். அவளுடைய தோளைத் தடவி ஆறுதல் சொல்லவும் ஆட்கள் இருந்தார்கள். அன்றைக்கே அவளை விட மாட்டேன் என்று மனதுக்குள் சொன்னேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

வழியைக் காட்டியது நிரோஜா. அடக்கம் முடிந்து எல்லோரும் பஸ்சுக்கு நடக்கையில் என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அழுதுகொண்டு பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலும் சொன்னாள். கலியாணத்தை நிறுத்தியது அவளேதானாம். அவளுடைய மனதில் வேறு ஒருவர். யார் என்பதை நான் இங்கேயும் எழுதப் போவதில்லை. அந்த விசயத்தை முதன்முதல் உன்னிடம்தான் வந்து சொன்னாளாம். ஒருவனைக் கட்டிவிட்டு அவனையும் கெடுக்காதே, போய்த் தாயிடம் உண்மையைச் சொல்லு என்று அனுப்பியது நீயாம்.

“நான் அம்மாட்டைச் சொன்னனான், அன்ரி. என்னை வளர்த்த அன்ரிதான் சொல்லச் சொன்னவ எண்டதையும் சொல்லிப்போட்டன். அதுக்குப் பிறகுதான் அம்மா கடையிலை அந்தப் பெட்டியை வைச்சவ.”

அப்படியென்றால் தட்டைப் பரப்பி வைத்தபோதே அவளுக்கு எல்லாம் தெரியும். செய்வினை என்று அவள் ஒரு நொடிகூட நினைத்ததில்லை. மகளின் கதை வெளியே போகாமல் இருக்க ஊருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, அந்தப் பிள்ளைக்கு வாய் திறக்கத் துணிவு கொடுத்த உன்னைப் பழிவாங்கவும் வேண்டியிருந்தது. நாலு அரிசியை வைத்து இரண்டு வேலையையும் முடித்துவிட்டாள்.

நீயோ எல்லாம் தெரிந்துகொண்டே அந்தத் தட்டுக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றாய்! நிரோஜாவிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறாய், ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதென்று. அந்த ஒருத்தரில் நானும் சேர்த்தி. எத்தனை ஞாயிறு உன் எதிரில் இருந்து ரீ குடித்தேன்? என்னிடம் சொல்லியிருந்தால் என்ன? என் வாய் அகலம், லா சப்பலில் தெருவின் இந்த முனையில் சொன்னது அந்த முனைக்கு எனக்கு முன்னம் போய்விடும் என்று பயந்தாய், அப்படித்தானே? உன்னிலும் எனக்குக் கோபம்தான். நீ செத்துப்போனாய் என்பதற்காக அதைக் குறைக்கப் போவதில்லை.

அடுத்த கிழமை புஷ்பமக்காவின் கடைக்குப் போனேன். மத்தியானம், ஆள் இல்லாத நேரம். அவள் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“புஷ்பமக்கா, ஞாயிற்றுக்கிழமை என்னோடை ஒரு இடத்துக்கு வாறியள்.”

“கடை கிடக்கு. எங்கை வாறது?”

“நிரோஜா என்னோடை கதைச்சவ.”

வெண்டிக்காய் அவளுடைய கையிலேயே நின்றது. அவள் வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எத்தனையோ பேரைப் பார்வையாலேயே அடக்கிய கண். அன்றைக்கு அது கீழே போயிற்று.

“உனக்கு என்ன வேணும்?” என்றாள்.

“ஒண்டும் வேண்டாம். ஒரு பெட்டி வைக்க வேணும்.”

வந்தாள். நல்ல வெயில், கோயிலில் பூசை முடிந்து பிரெஞ்சுக்காரர் வெளியே வருகிற நேரமாகப் பார்த்துத்தான் கூப்பிட்டேன். குழாய், ரேப், சுருள், சிவப்பு நூல், அரிசி, நீ செய்தது மாதிரியே எல்லாம் செய்து கொண்டுபோயிருந்தேன். பேனையை நீட்டி, முதல் பெயராக அவளுடைய பெயரை எழுதச் சொன்னேன்.

“என்ரை பேரோ? என்ரை பேரை ஏன்?” என்று பின்னுக்குப் போனாள்.

அடி சக்கை! செய்வினை இல்லை என்று உலகத்திலேயே நிச்சயமாகத் தெரிந்தவள் அவள். தான் அவிழ்த்துவிட்ட பொய்க்குத் தானே பயந்து நின்றாள். பேனையை வாங்கி எழுதினாள். சிவப்பு நூலை அவளையே கட்ட வைத்தேன். தெருவில் சனம் போய்வர, குனிந்து, அந்த வெடிப்புக்குள் கையை விட்டு அவளே செருகினாள். அந்த நேரம் பார்த்துக் கார் து லெஸ்ட் பக்கமிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது. அவளுடைய கடைக்கு வருகிற ஆட்கள்தான்.

“என்னக்கா, சுவருக்கை என்ன செய்யிறியள்?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

புஷ்பமக்கா என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். “இது... ஒரு விளையாட்டு,” என்றாள். அந்தப் பெண் பிள்ளையை இழுத்துக் கையில் தூக்கிக்கொண்டு விறுவிறு என்று நடந்தாள்.

எனக்குச் சந்தோசமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், நல்ல சந்தோசம். ரயிலில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்ததில் எதிரில் இருந்தவன் எழும்பி வேறு இடத்துக்குப் போனான். வில்லியே லே பெல்லில் பஸ்சுக்கு நிற்கும்போதுதான் அழுகை வந்தது. நீ இருந்து அவளுடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது கடைத்தெருவில் புஷ்பமக்காவைப் பற்றி ஒரு கதை உலாவுகிறது. என்னிடமும் வந்து கேட்டார்கள். “எனக்கு என்ன தெரியும்?” என்றேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் மறுக்கவும் இல்லை. கடையில் கூட்டம் கொஞ்சம் குறைவுதான். பரவாயில்லை, அவளும் கொஞ்சம் காலை நீட்டி இருக்கட்டும். நீ என்றால் இந்நேரம் அவளை மன்னித்து, அவளுக்காகச் செபமும் சொல்லியிருப்பாய். அது உன் குணம். நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை.

உன் பெட்டிக்கு ஆட்கள் வருகிறார்கள். போன கிழமை யாரோ ஒரு பெண், கோயில் கதையைத் தமிழில் முழுக்க வாசித்தேன், நன்றி என்று எழுதியிருந்தாள். பெட்டி இனி என் பொறுப்பு. ஆனால் மழை பெய்து கடதாசி நனைந்துவிட்டது என்று எவராவது எழுதினால் நான் போவதில்லை. புஷ்பமக்காவுக்குத்தான் அழைப்பு எடுக்கிறேன். “அக்கா, கடதாசி மாத்த வேணுமாம்,” என்பேன். கடையைப் பூட்டிவிட்டுப் போவாள். போய்க் குனிந்து, புதுச் சுருளில் மறுபடியும் தன் பெயரை எழுதி வைத்துவிட்டு வருவாள். போகாவிட்டால் நான் நிரோஜாவின் கதையை ஊரெல்லாம் சொல்லிவிடுவேன் என்று அவளுக்குப் பயம்.

நான் சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளையின் பெயர் என் வாயில் வராது. தாய்க்காரி பெட்டிக்குப் போகாமல் விட்டாலும் வராது, என்னைத் தெருவில் வைத்து ஏசினாலும் வராது, நான் சாகும்வரைக்கும் வராது. அது புஷ்பமக்காவுக்குத் தெரியாது. நீயும் அது தெரியாமல்தான் போய்விட்டாய்.